கோவண்டிக்குள் ஒரு தீவு

பேச்சிராஜாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. சயானிலிருந்து செம்பூர் வரைக்கும் பழைய கட்டடங்களில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் வந்து முக்கும், எது மழைக்காலத்தில் கதவைச் சாத்தமாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நாற்பது வயது வரைக்கும் அவன் ஆடிய ஆட்டமெல்லாம் கேரமும் ரம்மியும்தான். அதன்பிறகுதான் அந்தப் பெட்டி அவன் கைக்கு வந்தது.

மாட்டுங்காவில் ஒரு கட்டடம். மூன்றாம் மாடியில் இருந்த சுப்ரமணியன் என்கிற பெரியவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பூனாவுக்குப் போகிறார். சாமான் இறக்கும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. பேச்சிராஜா போய்ச் சரிசெய்து கதவைத் திறந்தால், உள்ளே மூட்டைகளுக்கு மேலே ஒரு தட்டையான பெட்டி. மூடியில் ஒரு படம்: நடுக்கடலில் மதில் சூழ்ந்த ஒரு நகரம், அதைப் பார்த்துக் கரையிலிருந்து நீண்டு வரும் ஒரு சாலை, சாலையின் நுனியில் தீப்பிடித்து எரிகிற மரக்கோபுரம். அவன் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணும்னா எடுத்துண்டு போங்கோ" என்றார் சுப்ரமணியன். "யுத்த விளையாட்டு அது. ஆடணும்னுதான் ஆசையா வாங்கினேன். ரெண்டு பேர் வேணும் இதுக்கு. எனக்கு ரெண்டாவது ஆள் கெடைக்கவே இல்லை."

பெட்டிக்குள் ஒரு பெரிய வரைபடம், முழுக்கத் தேனடை மாதிரி அறுகோணக் கட்டங்கள். நகத்தளவு அட்டை வில்லைகள் நூற்றுக்கணக்கில்: காலாட்படை, வில்லாளிகள், கப்பல்கள், கல்லெறியும் யந்திரங்கள், தானியம், குடிமக்கள். அப்புறம் சிறிய எழுத்தில் ஆங்கில விதிப்புத்தகம். வேறு ஆளாக இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுமே பெட்டியை மூடியிருப்பான். லிஃப்ட் கம்பெனிக்காரர்களின் புத்தகங்களோடு காலம் தள்ளியவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இது நடந்தால் அது, அது நடக்காவிட்டால் இது என்று ஒவ்வொரு விதியாகப் படித்தான். மெஷின் ரூமில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் சோறும் ஒரு கையால் புத்தகமுமாகப் பல மதியங்கள் போயின.

இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய முற்றுகை அது. பைபிளில் தீரு என்று வருகிற தீவு நகரம். அலெக்சாண்டரின் படை கரையில் வந்து நிற்கிறது. ஊர்க்காரர்கள் உள்ளே விடமாட்டோம் என்கிறார்கள். படையிடம் அப்போது கப்பல் இல்லை. என்ன செய்வது? கல்லையும் மரத்தையும் கொட்டிக் கடலைத் தூர்த்து, தீவு வரைக்கும் சாலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பேச்சிராஜா அகப்பட்டுக்கொண்டான். தாராவியில் அவன் பிறந்த தெருவே அப்படி வந்ததுதான். அவன் அப்பாவும் கூட வந்தவர்களும் கட்டட இடிபாட்டைக் கூடை கூடையாகச் சேற்றில் கொட்டி, ஒரு மழையில் அது அமுங்கிப்போக, மறுபடி கொட்டி, அதன்மேல்தான் குடிசை போட்டார்கள்.

"ஏட்டி, இங்க பாரு. கடலையே தூத்துருக்கானுவ" என்று மனைவி மாரிசெல்வியிடம் காட்டினான்.

அவள் ஒரு பால்வாடியில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்திருந்தாள். "தூத்துட்டுப் போறான். இத எங்கன வைக்கப் போறீய? படுக்க எடமில்ல."

நியாயமான கேள்வி. அவர்கள் வீடு ஒரே அறை. வரைபடத்தை விரித்தால் பாதி வீடு போய்விடும். ஆட்டம் முடிய மாதக்கணக்கில் ஆகும். பேச்சிராஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒரு பிளைவுட் பலகைக்கு நான்கு மூலையிலும் கயிறு கட்டி, கப்பி வைத்து, கூரையோடு ஏறி இறங்குகிற மாதிரி செய்துவிட்டான். வில்லைகள் நகராமலிருக்க மேலே ஒரு அக்ரிலிக் தகடு. அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முற்றுகைக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். பூனாவில் நர்சிங் படிக்கிற மகள் லீவுக்கு வந்தபோது அண்ணாந்து பார்த்துவிட்டு, "பப்பா பாகல் ஆயிட்டாரு, முழுப் பைத்தியம்" என்றாள்.

ரெண்டாவது ஆள் அவனுக்குக் கிடைத்தான். கூட வேலை பார்த்த முகம்மது ஹனீப். பூர்வீகம் கடையநல்லூர், பிறந்து வளர்ந்தது எல்லாம் பம்பாய். தமிழ் பேசுவான், எழுதப் படிக்க வராது. பெட்டியின் மேல் தீருவின் ஆங்கிலப் பெயர் 'டயர்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஏதோ லாரி சம்பந்தப்பட்ட ஆட்டம் என்றுதான் முதலில் உட்கார்ந்தான். வீட்டுப் பலகையின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கம்பெனி குடோனில் மதிய நேரத்தில் ஆட ஆரம்பித்தார்கள்; இரவில் பேச்சிராஜா பலகையில் வில்லைகளை நகர்த்திவைப்பான்.

"நான் ஊருக்குள்ள இருக்கேன் அண்ணாச்சி. உள்ள உக்காந்துக்கிட்டா வேலை கம்மி" என்றான் ஹனீப். அப்படியே ஆடவும் செய்தான். பகடையை உருட்டுவான், எது வந்தாலும் சிரிப்பான், கப்பலை எங்கே வைத்தோம் என்று அவனுக்கே ஞாபகம் இருக்காது. மூன்றாவது சுற்றிலேயே பேச்சிராஜாவின் சாலை கடலுக்குள் கால்வாசி போய்விட்டது.

அந்தச் சமயத்தில் ஹனீபுக்கு பன்வேல் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. போகும்போது, "போன்லயே கண்டினியூ பண்ணலாம் அண்ணாச்சி, டென்ஷன் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேச்சிராஜா தன் நகர்வைச் செய்து, பலகையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவான். 'ok bhai', 'ship left' என்று ஹனீபிடமிருந்து இரண்டு வார்த்தை வரும். பிறகு அதுவும் நின்றது. அவ்வளவுதான், பயல் மறந்துவிட்டான் என்று பேச்சிராஜா நினைத்திருந்த ஒரு மதியம், செம்பூரில் ஒரு மொட்டைமாடியில் இருக்கும்போது போன் சிணுங்கியது. நல்ல தமிழ் எழுத்தில் ஒரு செய்தி.

'அண்ணாச்சி, வடக்குத் துறைமுகத்தில் இருக்கும் மூன்று கப்பல்களையும் உங்கள் சாலையின் இரண்டு பக்கமும் நிறுத்துகிறேன். வேலை செய்கிறவர்கள் மேல் அம்பு விட முடியுமா? விதிப்புத்தகம் முழுவதையும் படம் எடுத்து அனுப்பவும்.'

பேச்சிராஜாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஹனீபாவது, விதி கேட்பதாவது! பிறகு அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்: இப்போதெல்லாம் போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறதாம். புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினான்.

அன்றிலிருந்து ஊர் மாறிவிட்டது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நகரம் கண்ணைத் திறந்து பார்க்க ஆரம்பித்த மாதிரி இருந்தது. சாலைக்குக் கல் கொண்டுபோகும் கட்டங்களில் அம்பு விழுந்தது. மறைப்புக்கு அவன் இரண்டு மரக்கோபுரங்களைக் கொண்டுபோய் நுனியில் நிறுத்தினான். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: 'ஒரு பழைய கப்பலில் தாரும் விறகும் ஏற்றி, காற்று உங்கள் பக்கம் அடிக்கும் சுற்றுக்காகக் காத்திருந்தேன். இப்போது அடிக்கிறது.' கூடவே பகடையின் படம். ஆறு.

இரண்டு கோபுரமும் எரிந்தன. பெட்டியின் மூடியில் இருந்த படம் அப்படியே நடந்துவிட்டது. "அடப்பாவி ஹனீப்பு!" என்று பேச்சிராஜா லிஃப்ட் குழிக்குள் நின்று கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

இன்னொன்றும் அவனை யோசிக்க வைத்தது. அந்தப் பக்கம் உருட்டும் பகடையை யாரும் பார்க்கப்போவதில்லை. பொய் சொன்னால் கேட்பாரில்லை. ஆனால் ஒன்று விழுந்தாலும் ஒன்று என்றே படம் வரும். ஒருமுறை ஒரே உருட்டில் நல்ல கப்பல் ஒன்று மூழ்கியது. அதையும் படம் பிடித்து அனுப்பி, கீழே 'என் நேரம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

மாரிசெல்வி ஒருநாள் அந்தச் செய்திகளை வாங்கி வரிசையாகப் படித்தாள். படித்துவிட்டு, "இது ஹனீப் இல்ல" என்றாள்.

"பின்ன யாரு, அலெக்சாண்டரா?"

"எனக்கென்ன தெரியும். அவன் இங்க வந்து ரெண்டு தடவ சாப்ட்டுருக்கான். கொழம்ப ஊத்துறதுக்கு முன்னாடி முடிச்சிருவான். காத்து மாறட்டும்னு காத்துக் கெடக்கிற ஆளா அவன்?"

அது பேச்சிராஜாவைக் குடைந்தது. போன் போட்டுப் பார்த்தான். மணி அடித்து, கட் ஆனது. உடனே ஒரு செய்தி: 'வேலையில் இருக்கிறேன் அண்ணாச்சி. ஆட்டம் மட்டும் போதும்.' சரி, எவனாக இருந்தால் என்ன, நன்றாக ஆடுகிறான் என்று விட்டுவிட்டான். விட்டுவிட்டான் என்று சொன்னாலும், பலகையைக் கீழே இறக்கும்போதெல்லாம் அந்த மதிலுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே அவனுக்குத் தோன்றும்.

வருஷம் ஒன்று ஓடியது. எரிந்த கோபுரங்களுக்குப் பதில் வேறு கோபுரம், சாலையை இன்னும் அகலமாக்கி, பக்கத்து ஊர்க் கப்பல்களைத் தன் பக்கம் சேர்த்து, பேச்சிராஜா மெல்ல மெல்ல மதிலைத் தொட்டான். தென்பக்கம் ஒரு கட்டத்தில் மதில் உடைந்தது. விதிப்படி இனி முடிவு ஊர்க்காரர் கையில்: சரணடைவதா, தெருத்தெருவாக நின்று சண்டை போடுவதா? இன்னும் இரண்டே சுற்றுதான் பாக்கி. அதற்குள் ஊர் முழுவதையும் பிடிக்காவிட்டால் படை தோற்றதாக அர்த்தம்.

படத்தை அனுப்பினான். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம். பிறகு போன் ஸ்விட்ச் ஆஃப். ஹனீபுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பேச்சிராஜா பயந்தான். லிஃப்ட் வேலை அப்படி. கயிறு அறுந்தும் கால் வழுக்கியும் போன ஆட்கள் இரண்டு பேரை அவனுக்கே தெரியும். பழைய கம்பெனிக்காரர்களிடம் விசாரித்து ஹனீபின் விலாசத்தை வாங்கினான்.

"நானும் வாரேன்" என்றாள் மாரிசெல்வி. "அங்கன இருக்கிறது யாருன்னு நானும் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை சயானில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைன் மாறி, கோவண்டியில் இறங்கினார்கள். விசாரித்துக்கொண்டே சந்து சந்தாகப் போனால், கதவைத் திறந்தது சாட்சாத் ஹனீபேதான். கை கால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கொஞ்சம் தொப்பையும் போட்டிருந்தான்.

"அண்ணாச்சி! ஆவோ, ஆவோ! மதினி, வாங்க! என்ன திடீர்னு?"

பேச்சிராஜாவுக்குக் கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. "ஏல, மதிலு ஒடைஞ்சதும் போன அமத்திட்டு உக்காந்துட்டியோ? நான் நீ செத்தே போயிட்டன்னு நெனச்சேன்."

"எந்த மதிலு?"

"ஆட்டம்ல!"

ஹனீப் உண்மையிலேயே விழித்தான். "அது அப்பவே முடிஞ்சு போச்சே அண்ணாச்சி. புது கம்பெனில போன் குடுத்தாங்க. பழைய போன வீட்டுல போட்டுட்டேன். ஆட்டம் வேண்டாம்னு உங்களுக்கு மெசேஜ் போடச் சொல்லி அப்பவே..."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து ஹனீபின் மனைவி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முக்காடு, விரலில் இன்னும் ஊசி குத்தாமலிருக்கப் போடும் அங்குஸ்தான். சைனப் என்று பெயர் கேள்விப்பட்டிருக்கிறானே தவிர, பேச்சிராஜா அவளைப் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றாள். "நான்தான்."

மாரிசெல்விதான் முதலில் சிரித்தாள். "நான் சொல்லல?"

ஹனீபின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஒரு வருஷமாவா? என் பேர்லயா?"

"நிறுத்திருன்னு மெசேஜ் போடத்தான் போன எடுத்தேன். மேல இருந்த படத்தப் பாத்தேன். நீங்க கப்பல எல்லாத்தையும் ஒரு மூலைல கட்டிப் போட்டுட்டு வந்திருந்தீங்க. பாக்கப் பொறுக்கல. ஒரே ஒரு தடவ நகத்திப் பாப்போம்னு..." அவள் பேச்சிராஜாவைப் பார்த்தாள். "பொம்பள பேர்ல வந்தா நீங்க ஆட மாட்டீங்கன்னு நெனச்சேன். அதான் சொல்லல."

ஆடியிருப்பேனா என்று பேச்சிராஜா தன்னையே கேட்டுப் பார்த்தான்.

"அப்ப ஒரு வருஷமா என் பேர்ல நீ ஜெயிச்சிட்டு இருந்தியா?" என்றான் ஹனீப்.

"தோத்துட்டு இருந்தேன்" என்றாள் சைனப்.

சைனப் கடையநல்லூரில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். கல்யாணமாகி பம்பாய் வந்தபின், பிளவுசும் சுரிதாரும் தைப்பதுதான் வேலை. விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். புரியாததைப் போனில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்து, அது உளறினால் மறுபடி அகராதிக்கே போயிருக்கிறாள்.

"பலகை இல்லாம எப்படிம்மா ஆடுன?" என்று கேட்டான் பேச்சிராஜா. இத்தனை நாள் அவனைக் குடைந்ததில் இதுதான் இப்போது பெரிதாக நின்றது.

அவள் உள்ளே போய் ஒரு துணிச்சுருளைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். காடாத் துணி. அதில் அட்டையில் வெட்டிய அச்சை வைத்து, தையல் சாக்பீஸால் அறுகோணக் கட்டங்கள் போட்டிருந்தாள். படைவீரர்கள் சட்டைப் பொத்தான்கள். கப்பல்கள் பிளவுஸ் கொக்கிகள். குடிமக்கள் சின்ன வெள்ளை மணிகள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தையலில் பிடித்து வைத்திருந்தாள். நகர்த்த வேண்டுமென்றால் நூலை வெட்டி, வேறு கட்டத்தில் மறுபடி ஒரு தையல். அதனால்தான் சுருட்டி வைக்க முடிந்தது. ஹனீபும் ஏதோ கஸ்டமர் துணி என்றே இதை எத்தனையோ தடவை நகர்த்தி வைத்திருக்கிறான்.

கரையிலிருந்து தீவுக்கு ஒரு கறுப்பு ஜிப் போயிருந்தது. அதுதான் பேச்சிராஜாவின் சாலை. அவன் ஒவ்வொரு கட்டம் தூர்க்கும்போதும் அவள் அதில் ஒரு விரலளவு நீட்டித் தைத்திருக்கிறாள். தன் ஒரு வருஷ உழைப்பு எதிராளியின் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்திருக்கிறது என்று அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கு அது சாலை. இங்கிருந்து பார்க்கும்போது, நேராக வீட்டைப் பார்த்து வருகிற ஒரு பாம்பு.

"போன எதுக்கு மைனி அமத்துன?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

சைனப் உடைந்த மதிலின் இடத்தில் விரலை வைத்தாள். "பதில் போட்டா ஊரு விழுந்துரும்லா மைனி. போடலன்னா அப்படியே நிக்கும்." பிறகு பேச்சிராஜாவிடம் திரும்பி, "அண்ணாச்சி, நெசத்துல உள்ள இருந்தவங்கல்லாம் என்ன ஆனாங்க? விதிப்புத்தகத்துல அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் படம் சரியா விழல" என்றாள்.

அந்தப் பக்கத்தை பேச்சிராஜா பலமுறை படித்திருந்தான். மழுப்பாமல் சொன்னான். நிறையப் பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக விற்றார்கள். "ஆனா ஒண்ணு போட்டுருக்கு. அலெக்சாண்டர் கூட வந்த கப்பல்ல கொஞ்சம், சீதோன்னு பக்கத்து ஊர்க்காரனுவளோடது. அவனுவளுக்கும் இவங்களுக்கும் பழைய ஒறவு. ஊரு விழும்போது அவனுவ இவங்கள்ல நெறயப் பேர ரகசியமா கப்பல்ல ஏத்தி ஒளிச்சுக் கொண்டு போயிட்டானுவளாம். அப்படி ஒரு பழைய ஆசிரியர் எழுதியிருக்காராம்."

சைனப்பின் முகம் மாறியது. "எதிரிக் கப்பல்லயா?"

"எதிரிக் கப்பல்லதான்."

"எத்தன பேர?"

"பதினஞ்சாயிரம்னு போட்டுருக்கு."

அவள் வெள்ளை மணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து லூடோ பகடையை எடுத்துவந்து துணியின் மேல் வைத்தாள். "சரணடையல. தெருச் சண்டை."

ஆட்டம் அங்கேயே தரையில் நடந்தது. பலகையில்லாமல் வந்திருந்த பேச்சிராஜா, போனில் இருந்த கடைசிப் படத்தைப் பார்த்துப் பார்த்து நகர்த்தினான். ஹனீப் டீ போட்டான், போட்டுவிட்டு மனைவிக்குப் பக்கத்தில் வந்து குந்தி, ஒவ்வொரு உருட்டுக்கும் "இது எதுக்கு? அது எதுக்கு?" என்று கேட்டான். அவள் ஒன்றிரண்டு தடவை சொன்னாள். பிறகு, "கொஞ்சம் சும்மா இருங்களேன் மச்சான்" என்றாள். அதன்பின் அவன் பிரியாணிக்கு அரிசி களையப் போய்விட்டான்.

முதல் சுற்றில் பாதி ஊர் போயிற்று. கடைசிச் சுற்றில் தெற்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரே ஒரு பொத்தான் நின்றது. பேச்சிராஜா இரண்டு தடவை தாக்கினான், இரண்டு தடவையும் அது அசையவில்லை. மாரிசெல்வி வெளிப்படையாகவே அந்தப் பொத்தானின் கட்சிக்குப் போய்விட்டாள். "விட்டுருங்களேன், ஒத்த ஆளு" என்றாள். "வெளையாட்டுல விடக்கூடாது மைனி" என்று சைனப்பே சொன்னாள். மூன்றாவது தடவை பேச்சிராஜாவுக்கு ஐந்து விழுந்தது, அவளுக்கு இரண்டு.

சைனப் கத்திரியை எடுத்து, அந்தப் பொத்தானின் நூலைத் தானே வெட்டினாள். அழவில்லை. கண்ணில் சின்னப் பளபளப்பு இருந்தது, அது வேறு மாதிரியான பளபளப்பு.

"அண்ணாச்சி, அடுத்த ஆட்டத்துல நான் வெளிய நிக்கேன். நீங்க உள்ள இருங்க."

சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது ரயிலில் பேச்சிராஜா போனிலிருந்த பழைய படங்களையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தான். செம்பூர் தாண்டியபின்தான், "உள்ள இருந்து நான் ஆடுனதே இல்ல" என்றான்.

"இப்ப தெரியும்" என்றாள் மாரிசெல்வி.

புது ஆட்டம் அடுத்த வாரமே தொடங்கியது. இம்முறை செய்தி சைனப் என்ற பெயரிலேயே வந்தது. பேச்சிராஜா வில்லைகளை அடுக்கி, கப்பல்களைச் சாலை வருகிற பக்கமாகப் பார்த்து நிறுத்தி, தாரும் விறகும் ஏற்ற ஒரு பழைய கப்பலையும் தேர்ந்தெடுத்து, தயாராகக் காத்திருந்தான்.

முதல் சுற்றில் அவள் ஒரு கல்லைக்கூடக் கடலில் போடவில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. படையை வடக்கே கூட்டிக்கொண்டு போய், சீதோன் ஊர் வாசலில் நிறுத்தி, கப்பல் கேட்டுக்கொண்டிருந்தாள். விதிப்புத்தகத்தை அத்தனை தடவை படித்தவனுக்கு, முதலிலேயே அப்படிப் போகலாம் என்று தோன்றியதே இல்லை.

மாட்டுங்காவில் ஒரு மெஷின் ரூமில் உட்கார்ந்து அந்தப் படத்தை அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். கீழே லிஃப்டுக்காக யாரோ பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். 'என்னம்மா இது? ரோடு போடலியா?' என்று கேட்டு அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. 'பொறுத்துப் பாருங்க அண்ணாச்சி.'